பெரிய ஸ்மார்ட்ஃபோனுக்கு ஸ்ட்ராப்: கவரில் தொடங்குங்கள், கயிற்றைக் கடைசியில் வாங்குங்கள்

பெரிய ஃபோன் கையிலிருந்து நழுவுவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். ஒற்றைக் கையில் பிடித்தபடி கட்டைவிரலைத் திரையின் மேல் மூலைக்கு நீட்டுகிறோம். உள்ளங்கைப் பிடி தளர்ந்து எடை முழுவதும் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. நல்ல ஸ்ட்ராப் ஒன்று இருந்தால் இந்தக் கவலை தீரும். ஆனால் நான் தேடத் தொடங்கியபோது கண்ணில் பட்டதெல்லாம் நிறத்தையும் பின்னலையும் பற்றிய பேச்சுதான். எங்கே பொருத்துவது, எது எவ்வளவு தாங்கும், பொருத்திய பிறகு சார்ஜர் நுழையுமா என்பதை ஒரே இடத்தில் சொன்னவர்கள் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலவீனம் கயிற்றில் இருப்பதில்லை. கயிறு ஃபோனோடு சேரும் இடத்தில்தான் இருக்கிறது. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் தடித்த கயிற்றையே வாங்கினாலும், அதைத் தாங்கி நிற்பது கவருக்குள் இருக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டாக இருந்தால், உங்கள் ஃபோன் அந்தத் துண்டின் பலத்தில்தான் தொங்குகிறது. ஆகவே முதலில் கவர், அடுத்து பிடிமானம், பிறகு கொக்கி, கடைசியில் கயிறு என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. எடையையும் கவரின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்

ஃபோனின் எடை அதன் விவரப் பட்டியலில் இருக்கும். ஐஃபோன் 16 புரோ மேக்ஸ் 227 கிராம். கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 232 கிராம். மடக்கு ஃபோன்களில் கேலக்ஸி இசட் ஃபோல்டு 5 மாடல் 253 கிராம். இதோடு கவரின் எடையையும் கண்ணாடிப் பாதுகாப்புத் தாளின் எடையையும் கூட்டுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் அப்படியே வைத்து எடுத்துவிடலாம். பெரிய ஃபோன் என்றால் மொத்தம் 250 கிராமுக்கும் 300 கிராமுக்கும் இடையில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். சோதனை செய்யும்போது தேவைப்படும்.

அடுத்து கவரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சார்ஜர் துளையைச் சுற்றி நான்கு புறமும் கவரின் சுவர் இருக்கிறதா, அல்லது அடிப்பக்கம் முழுவதும் திறந்தே இருக்கிறதா? திறந்திருந்தால், ஃபோனுக்கும் கவருக்கும் நடுவில் செருகும் தகடு வகைப் பிடிமானம் எதுவும் அதில் நிற்காது; இழுத்த இழுப்புக்கு வெளியே வந்துவிடும். கவரின் கீழ் மூலைகளில் சிறு துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல கவர்களில் ஸ்ட்ராப்புக்கென்றே துளை விட்டிருப்பார்கள். கறுப்புக் கவரில் அது கண்ணுக்கே தெரியாது. ஐஃபோன் 17 வரிசைக்காக ஆப்பிள் வெளியிட்ட கவர்கள் சிலவற்றில் அடிப்பக்கம் இரண்டு இணைப்பு இடங்கள் உள்ளன. உங்கள் கவரிலேயே இப்படி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. எந்த வகை வேண்டும் என்பதை உங்கள் நாள் முடிவு செய்யட்டும்

கைமணிக்கட்டு ஸ்ட்ராப், விரல் பட்டை, கழுத்துக் கயிறு, தோளிலிருந்து குறுக்காகத் தொங்கும் ஸ்ட்ராப் என நான்கு வகைகள் உண்டு. ஃபோனை அடிக்கடி வெளியே எடுத்து, பார்த்துவிட்டு, பையில் வைப்பவருக்கு மணிக்கட்டு ஸ்ட்ராப் போதும். நடந்துகொண்டே வழிபார்ப்பவர், நிறையப் படம் எடுப்பவர், சட்டைப்பை இல்லாத உடை அணிபவர் ஆகியோருக்குக் குறுக்கு ஸ்ட்ராப் நல்லது.

விரல் பட்டை என்பது கவரின் முதுகில் குறுக்கே ஓடும் நாடா அல்லது சிலிக்கான் பட்டை. படித்துக்கொண்டோ காணொளி பார்த்துக்கொண்டோ படுத்திருப்பவர்களுக்கு இதைவிட இதமானது இல்லை. ஆனால் விரலை எடுத்துவிட்டால் பாதுகாப்பும் போய்விடுகிறது.

கழுத்துக் கயிற்றைப் பெரிய ஃபோனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அடையாள அட்டைக்குப் போடும் கயிறு சில கிராம் எடையைச் சுமக்கப் பிறந்தது. அதில் கால் கிலோவுக்கு மேல் தொங்கவிட்டால் பிற்பகலுக்குள் பிடரி கடுக்கத் தொடங்கும். குனியும்போது ஃபோன் முன்னே பாய்ந்து மேசை விளிம்பில் மோதும். அதே எடை தோளில் குறுக்காகப் போனால் உடலோடு ஒட்டி நிற்கிறது.

இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தியவர்கள் இந்த இடத்தில் நின்று படிக்க வேண்டும். ஃபோனிலும் காந்தக் கவரிலும் உள்ள காந்தங்கள் அந்தக் கருவிகளைப் பாதிக்கக்கூடும். குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும், கம்பியில்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் 30 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. கழுத்தில் தொங்கும் ஃபோன் சரியாக நெஞ்சின் மேல்தான் வந்து படுக்கும். அவர்கள் மணிக்கட்டு ஸ்ட்ராப்பைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. அப்போதும் ஃபோனைச் சட்டைப்பையில் போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

3. பிடிமானம்: அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

இன்றைய பெரிய ஃபோன்களின் உடலில் ஸ்ட்ராப் துளை இருப்பது மிக அரிது. ஆகவே கயிறு ஃபோனில் கட்டப்படுவதில்லை, கவரில் கட்டப்படுகிறது. அதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, துளையோ வளையமோ உள்ள கவர். மூன்றிலும் இதுதான் உறுதியானது. இரண்டு கீழ் மூலைகளிலும் துளை இருந்தால் இன்னும் நல்லது. எடை இரண்டாகப் பிரிவதோடு, ஃபோன் சுழலாமல் ஒரே பக்கம் பார்த்துத் தொங்கும். துளையைச் சுற்றியுள்ள பொருள் கெட்டியாக இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய சிலிக்கான் மூலையில் துளை மட்டும் போட்டிருந்தால் நாளடைவில் அது கிழிந்துகொண்டே வரும்.

இரண்டாவது வழி, ஃபோனுக்கும் கவருக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடு. இதை உள்தகடு என்று அழைக்கிறேன். அகலமான அட்டை போன்ற பகுதி உள்ளே படுத்திருக்கும். ஒரு சிறு நாக்கு சார்ஜர் துளை வழியாக வெளியே நீட்டும். நாக்கின் நுனியில் வளையம் இருக்கும். பெரும்பாலானவர்கள் வாங்குவது இதைத்தான். விலை குறைவு, ஏற்கெனவே உள்ள கவருக்கே பொருந்தும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். பெரிய ஃபோனுக்கு வாங்கும்போது இந்த விவரங்களைப் பாருங்கள்.

தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். தடித்த தகடு வைத்தால் ஃபோன் கவருக்குள் சற்று மேலெழும்பி உட்காரும். திரையைக் காப்பதற்காகக் கவரின் விளிம்பு திரையைவிடச் சற்று உயரமாக இருக்கும் அல்லவா? அந்த உயரம் போய்விடும். விழாமல் இருக்க ஒன்றைச் செய்துவிட்டு, விழுந்தால் காக்கும் இன்னொன்றை இழந்ததுபோல் ஆகிவிடும்.

உள்ளே படுக்கும் பகுதி அகலமாக இருக்க வேண்டும். சார்ஜர் துளையைவிடச் சில மில்லிமீட்டர் மட்டுமே அகலமான தகடு, வேகமாக இழுபடும்போது வளைந்து துளை வழியே வழுக்கி வந்துவிடும். ஃபோனின் அகலத்தில் பாதியாவது இருக்கும் தகட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பொருளைப் பொறுத்தவரை, ஒளிபுகும் நெகிழ் பிளாஸ்டிக், நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி, மெல்லிய எஃகு ஆகியவை கிடைக்கின்றன. என் தேர்வு துணிதான். நாக்கு மடங்கும் இடத்தில் அது விரிசல் விடுவதில்லை. பிய்யத் தொடங்கினால் இழைகள் வெளியே வந்து முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். எஃகுத் தகடு பலமானதுதான், ஆனால் கம்பியில்லா சார்ஜிங்குக்கு அது எதிரி. சார்ஜிங் சுருளுக்கு நேராக உலோகம் வந்தால் சார்ஜ் ஏறாது, அல்லது தகடு சூடாகும். கம்பியில்லா சார்ஜரையே நம்பி இருப்பவர் எஃகுத் தகட்டை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது நாக்கின் அகலமும் தடிமனும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். யுஎஸ்பி-சி பிளக்கின் உலோக நுனி சிறியது. ஆனால் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பகுதி 12.35 மி.மீ. அகலமும் 6.5 மி.மீ. உயரமும் வரை இருக்கலாம் என்று அதன் தரவரையறை அனுமதிக்கிறது. கவரின் துளையும் ஏறக்குறைய அந்த அளவில்தான் வெட்டப்பட்டிருக்கும். அதே துளையில் நாக்கும் குடியேறினால் தடித்த பிளக் முழுவதும் உள்ளே போகாது. பாதி நுழைந்த நிலையில் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். உங்கள் சார்ஜர் கேபிளின் பிளக் தடித்ததாக இருந்தால் நாக்கு மெல்லியதாக இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது வழி, கவரின் முதுகில் ஒட்டும் வளையம். பசைக்கு ஒரு குணம் உண்டு: பரப்புக்கு இணையாக இழுத்தால் உறுதியாக நிற்கும், ஓரத்திலிருந்து உரித்தால் எளிதில் விட்டுவிடும். ஸ்ட்ராப்பின் இழுப்பு நேர் வெளியே போகும்படி ஒட்டினால் ஒவ்வோர் அசைவிலும் நீங்களே அதை உரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். இழுப்பு கவரின் நீளவாக்கில், கீழ்நோக்கிப் போகும்படி ஒட்ட வேண்டும். சிலிக்கான் கவர், துணிக் கவர், தோல் கவர் ஆகியவற்றில் ஒட்டவே வேண்டாம், நிற்காது. ஃபோனின் முதுகுக் கண்ணாடியிலும் நேரடியாக ஒட்டாதீர்கள். பிறகு அதைக் கழற்றச் சூடாக்க வேண்டியிருக்கும், அது ஃபோனுக்கு நல்லதல்ல.

காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வளையங்களும் விற்கின்றன. விரலுக்குப் பிடியாகவோ மேசையில் நிறுத்தவோ அவை நன்றாக உதவும். தொங்கவிடுவதற்கு அவை அல்ல. பக்கவாட்டில் தள்ளினால் காந்தம் சுலபமாகச் சறுக்கிவிடும்.

மடக்கு ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் கவர் இரண்டு துண்டாக வரும், முன் துண்டு பெரும்பாலும் வெறும் பசையில் நிற்கும். ஸ்ட்ராப் பின் துண்டில், அதாவது கேமரா இருக்கும் பாதியில் மட்டுமே சேர வேண்டும். இதற்கென்றே வளையம் வைத்துச் செய்த கவரைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

4. கவர் தாங்குமா?

உள்தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது கவர்தான். இழுப்பு வரும்போது தகடு, கவரின் கீழ்ச்சுவரை வெளியே தள்ளும். சுவர் வளைந்து கொடுத்தால் கீழ் மூலைகள் பிதுங்கி, ஃபோன் கவரிலிருந்து நழுவி வெளியேறும். கையில் கவர் மட்டும் மிஞ்சும்.

ஃபோனைக் கவருக்குள் போட்டுவிட்டு, கட்டைவிரலால் கீழ் மூலை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். சுலபமாகக் கழன்றால் அந்தக் கவர் ஸ்ட்ராப்புக்கு உதவாது. வெண்ணெய்போல் வழுக்கும் மென்மையான சிலிக்கான் கவர்களும், பல மாதங்கள் பயன்படுத்தித் தளர்ந்துபோன கவர்களும் இதில் தோற்கும். கெட்டியான முதுகும், ஓரங்களில் இறுக்கமான நெகிழ் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கவர்கள் தேறும். பெரிய ஃபோனில் கவரின் சுவர் நீளமானது, ஆகவே அதிகம் வளையும். சிறிய ஃபோனில் நன்றாக நின்ற அதே வகைக் கவர் இதில் நிற்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

செலவு செய்ய வேண்டிய இடமும் இதுவே. பழைய தளர்ந்த கவரை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த ஸ்ட்ராப் வாங்குவதைவிட, புதிய இறுக்கமான கவரும் சாதாரண நாடாவும் வாங்குவது எத்தனையோ மேல்.

5. கொக்கி, வளையம், கயிறு

எல்லாம் சேரும் சிறு உலோகப் பாகங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாவிக்கொத்தில் இருப்பதுபோன்ற சுருள் வளையம் தடித்ததாக இருந்தால் பரவாயில்லை. மெல்லியதாக இருந்தால் எடையில் விரிந்து, கயிறு மெல்ல நழுவி வெளியேறும். கொக்கி தன் அச்சில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கயிறு முறுக்கிக்கொண்டே போய், அந்த முறுக்கு உள்தகட்டின் நாக்கைத் திருகும். கொக்கியின் வாயைத் திறந்து மூடுங்கள். வில் சோம்பலாகத் திரும்பினால் வேண்டாம். திருகி மூடும் கொக்கி கிடைத்தால் அதுவே சிறந்தது.

பெரிய உலோகக் கொக்கி இன்னொரு தொல்லையும் தரும். பையில் போடும்போது அது திரையின் மேல் உரசும். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஓர் அங்குல நீளத்துக்குக் கயிற்றுக் கண்ணி ஒன்று இருந்தால் உலோகம் ஃபோனை நேரடியாகத் தொடாது. காந்தப் பூட்டு உள்ள ஸ்ட்ராப் என்றால், ஃபோனுக்கு மிக அருகில் அது வரும்போது திசைகாட்டி தடுமாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கயிற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மணிக்கட்டுக்கு உருண்டைக் கயிறும் சரி, நாடாவும் சரி. தோளுக்கு நாடாதான்; 15 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். மெல்லிய உருண்டைக் கயிறு கால் கிலோவைச் சுமந்தால் தோளில் பதியும். பாலியெஸ்டர் நனைந்தாலும் நீளாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். நைலான் மென்மையானது, ஆனால் ஈரத்தில் சற்று நீளும். பருத்தி வியர்வையை உறிஞ்சி விரைவில் நாறும். தோல் அழகு, நனைந்தால் சாயம் விடக்கூடும்.

6. நீளத்தைச் சணல் கயிற்றால் அளந்துவிடுங்கள்

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கயிற்றை எடுங்கள். குறுக்கு ஸ்ட்ராப்புக்கு, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு எலும்பு வரை வந்து திரும்பும்படி சுற்றி அளந்தால் அடிப்படை நீளம் கிடைக்கும். பலருக்கு அது 120 முதல் 150 செ.மீ.க்குள் அடங்கும். பிறகு அதே கயிற்றின் நுனியைப் பிடித்துக் காது வரை கொண்டுபோங்கள், படம் எடுப்பதுபோல் கைகளை நீட்டுங்கள். எட்டவில்லை என்றால் கூட்டிக் குறைக்கும் பக்கிள் உள்ளதை வாங்க வேண்டும். இடுப்புக்குக் கீழே தொடையில் வந்து ஆடும் நீளம் ஆபத்து; கதவுப் பிடியிலும் நாற்காலிக் கையிலும் சிக்கும்.

மணிக்கட்டு ஸ்ட்ராப்பில், கையை நுழைத்த பிறகு சுருக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். இல்லாவிட்டால் கையைத் தொங்கவிட்டதும் கண்ணி விரல்கள் வழியே வழிந்துவிடும்.

நீளத்துக்கும் பாதுகாப்புக்கும் நேரடி உறவு இருக்கிறது. ஃபோனும் கவரும் சேர்ந்து 280 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. தடையின்றி விழுந்த பிறகு கயிறு இறுகி, அடுத்த 5 செ.மீ.க்குள் நின்றால், அந்த நேரத்தில் பிடிமானத்தில் சராசரியாக எடையைப்போல் 13 மடங்கு இழுப்பு வரும். அதாவது சுமார் 3.6 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். சற்றும் நீளாத கயிறாக இருந்து 2 செ.மீ.க்குள் நின்றால் அது 31 மடங்கு, ஏறக்குறைய 8.7 கிலோ. மணிக்கட்டு ஸ்ட்ராப்பில் 15 செ.மீ. மட்டுமே விழுந்து 5 செ.மீ.க்குள் நின்றால் வெறும் 4 மடங்கு, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நீளமான, விறைப்பான கயிறுதான் பிடிமானத்தை அதிகம் சோதிக்கிறது. தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூடத் தளர்வு வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அட்டையில் 5 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருந்தால் அது மிகையான பலம் அல்ல, குறைந்தபட்சத் தேவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

7. வாங்கும் முன்: ரசீது, திரும்பக் கொடுக்கும் விதி, உத்தரவாதம்

அமைப்புகளில் ஃபோனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் மாடலின் முழுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். புரோ, பிளஸ், அல்ட்ரா என்ற ஒரு சொல் மாறினாலும் கவர் பொருந்தாது. உள்தகடு பல மாடல்களுக்குப் பொது என்று எழுதியிருந்தாலும், பொருந்தாத கவர்களின் பட்டியல் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள்.

திரும்பக் கொடுக்கும் விதியைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பசையின் மேல்தாளை உரித்துவிட்டால் பல இடங்களில் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஆகவே தாளை உரிக்காமலே வெறுமனே வைத்துப் பொருத்திப் பார்த்து, சார்ஜர் நுழைகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அட்டைப்பெட்டியையும் ரசீதையும் திரும்பக் கொடுக்கும் கெடு முடியும் வரை வைத்திருங்கள்.

ஸ்ட்ராப் அறுந்து ஃபோன் உடைந்தால் யார் பொறுப்பு? ஃபோன் தயாரிப்பாளரின் வழக்கமான உத்தரவாதம், கீழே விழுந்து ஏற்படும் சேதத்தை ஏற்பதில்லை. ஸ்ட்ராப்புக்குத் தரும் உத்தரவாதம் பொதுவாக ஸ்ட்ராப்பை மாற்றிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். ஃபோனுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருந்தால், விபத்துச் சேதம் அதில் அடங்குமா என்று அதன் விதிகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராப்பின் ரசீதையும் ஃபோனின் ரசீதோடு சேர்த்துப் படமெடுத்து, ஃபோனில் அல்லாமல் வேறோர் இடத்தில் சேமியுங்கள்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கவர், உள்தகடு, ஸ்ட்ராப் எல்லாம் சேர்ந்த தொகுப்பை வாங்காமல் தனித்தனியாக வாங்கலாம். மூன்றில் முதலில் தேய்வது உள்தகடுதான், மலிவானதும் அதுதான். இரண்டாக வாங்கி ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது.

8. மாட்டும் முறை

அவசரமில்லாத ஒரு நேரத்தில் செய்யுங்கள். உள்தகடு என்றால் அரை மணி நேரம் தாராளம். பசை என்றால் மூன்று நாள் காத்திருப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்தகடு வைப்பவர்கள் முதலில் கவரைக் கழற்றி, ஃபோனின் முதுகையும் கவரின் உட்புறத்தையும் மென்மையான துணியால் துடைக்க வேண்டும். நடுவில் மணல் துகள் இருந்தால் தகடு அசையும்போதெல்லாம் அது கீறும். வெறும் கவருக்குள் தகட்டைப் படுக்க வைத்து, நாக்கைச் சார்ஜர் துளை வழியாக வெளியே எடுங்கள். தகடு கோணலாக இல்லாமல் கீழ்ச்சுவரோடு ஒட்டி இருக்கட்டும். நகர்கிறது என்றால் மெல்லிய இருபக்க ஒட்டுத்தாளால் கவரின் உட்புறத்தில் ஒட்டுங்கள், ஃபோனில் அல்ல. பிறகு ஃபோனின் அடிப்பக்கத்தை முதலில் உள்ளே செலுத்தி, கடைசியாக மேல் மூலைகளை அழுத்துங்கள். நான்கு மூலைகளும் கவ்விக்கொண்டனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கவரில் துளை இருந்தால், மெல்லிய கண்ணியை அதற்குள் செலுத்துவதுதான் கடினம். ஊசியால் குத்தித் தள்ளாதீர்கள்; ஃபோன் உள்ளே இருக்கும்போது செய்தால் கீறல் நிச்சயம். கவரைத் தனியே எடுத்து, ஒரு தையல் நூலை மடித்துக் கண்ணியில் கோத்து, நூலின் இரு முனைகளையும் துளை வழியே விட்டு இழுத்தால் கண்ணி பின்னாலேயே வந்துவிடும். வந்த கண்ணிக்குள் ஸ்ட்ராப்பின் மறுமுனையை முழுவதும் நுழைத்து இறுக்குங்கள். எடை கூடக் கூட இந்தக் கட்டு இறுகுமே தவிர அவிழாது.

ஒட்டும் வளையத்துக்குச் சுத்தம்தான் எல்லாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, கழற்றி வைத்த கவரைத் துடைத்துக் காயவிடுங்கள். துடைத்த இடத்தை விரலால் தொடக் கூடாது. ஒட்டிய பிறகு பலமாக அழுத்துங்கள். 3எம் நிறுவனத்தின் விஎச்பி போன்ற வலுவான நுரைப்பசைகள்கூட அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதி பலத்தைத்தான் எட்டும். 24 மணி நேரத்தில் 90 சதவீதம், முழுப் பலம் வர 72 மணி நேரம். ஒட்டிய உடனே தொங்கவிட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

9. வெளியே எடுத்துச் செல்லும் முன் சோதியுங்கள்

முதலில் ஃபோனின் வேலைகள். சார்ஜர் கேபிளைச் செருகி, கடைசி வரை போய் உட்காருகிறதா என்று பாருங்கள். கம்பியில்லா சார்ஜரில் கால் மணி நேரம் வைத்துத் தொட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சூடானால் தகட்டை மாற்ற வேண்டும். பெரும்பாலான ஃபோன்களில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் சார்ஜர் துளையின் இருபுறமும்தான் இருக்கின்றன. நாக்கோ நாடாவோ அவற்றை மறைத்தால் எதிரே பேசுபவருக்கு உங்கள் குரல் அமுங்கிக் கேட்கும். ஸ்ட்ராப்போடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை குரலைப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து இழுப்புச் சோதனை. பயணப்பெட்டியை எடை பார்க்கும் சிறிய கொக்கித் தராசு இருந்தால் அருமை. மெத்தையின் மேல், ஃபோனை ஒரு கையில் மேல்பாதியில் பிடித்து, ஸ்ட்ராப்பின் மறுமுனையைத் தராசில் மாட்டி மெதுவாக இழுங்கள். மணிக்கட்டு ஸ்ட்ராப்புக்கு 2 கிலோ வரையும், குறுக்கு ஸ்ட்ராப்புக்கு 4 கிலோ வரையும் இழுத்து, கவரின் கீழ்ச்சுவரைக் கவனியுங்கள். சுவர் பிதுங்கினாலோ தகடு வெளியே எட்டிப்பார்த்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கவர் வேண்டாம். நேராக இழுத்த பிறகு பக்கவாட்டிலும் இழுத்துப் பாருங்கள். தராசு இல்லாதவர்கள் மெத்தைக்கு ஒரு சாண் மேலே ஃபோனைத் தொங்கவிட்டுச் சில முறை குலுக்கிப் பார்க்கலாம். தரையின் மேல் வேண்டாம்.

10. எங்கே கழற்ற வேண்டும்

சுழலும் எதற்கும் அருகில் ஸ்ட்ராப் கூடாது: கிரைண்டர், தையல் இயந்திரம், துளைக்கும் கருவி, சைக்கிள் சக்கரம். கழுத்துக் கயிறுதான் வேண்டும் என்று தீர்மானித்தவர்கள், பிடரிப் பக்கத்தில் பலமாக இழுத்தால் தானாகக் கழலும் பூட்டு உள்ளதை மட்டுமே வாங்குங்கள். ஃபோன் விழும்தான், கழுத்து தப்பும். குறுக்கு ஸ்ட்ராப்புகளில் இந்தப் பூட்டு பெரும்பாலும் இருப்பதில்லை, ஆகவே இயந்திரம் இருக்கும் இடங்களில் முழுவதும் கழற்றிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்குக் கழுத்திலோ தோளிலோ மாட்டிவிட வேண்டாம். படுக்கும்போதும் கழற்றி வையுங்கள்.

11. பிறகு பார்க்க வேண்டியவை

முதல் வாரம் தினமும் ஒரு பார்வை போதும். கட்டு தளர்வதும் தகடு நகர்வதும் அப்போதுதான் தெரியவரும். அதன் பிறகு மாதம் ஒரு முறை கவரைக் கழற்றி, நாக்கு மடங்கும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வெண்மையான கோடு விழுந்திருந்தாலும், துணியில் இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றிவிடுங்கள். கவரின் சார்ஜர் துளை ஓரம் கிழியத் தொடங்கியிருந்தால் தகட்டை மாற்றிப் பயனில்லை, கவரையே மாற்ற வேண்டும். ஸ்ட்ராப்பைத் துவைப்பதானால் ஃபோனிலிருந்து கழற்றி, மென்மையான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். முழுவதும் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரக் கயிறு சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தால், கேபிளைச் செருகும்போது ஈரப்பத எச்சரிக்கை வந்து சார்ஜ் நின்றுவிடும்.